இந்த வருஷமும் இருக்கட்டும்

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். "பெரியப்பா போலிப் பத்திரம் தயாரித்து அப்பாவின் பங்கு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். 15 வருஷம் ஆகிறது. அவருக்கு ஒரு குறைவும் வரவில்லை. ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறார், அறுப்பின் பண்டிகையில் பெரிய காணிக்கை வைக்கிறார். போதகரிடம் சொன்னால் ரோமர் 2:4-ஐ வாசித்து, 'தேவன் நீடிய பொறுமையுள்ளவர், நீயும் பொறுமையாயிரு' என்கிறார். தேவனுடைய பொறுமை என்பது ஏமாற்றினவனுக்குச் சலுகையும் ஏமாந்தவனுக்குப் புத்திமதியும்தானா? கடைசி நாளில் ஒரு ஜெபம் பண்ணிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?"

தம்பி, முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். ரோமர் 2:4 உங்களைப் பார்த்துச் சொன்னது அல்ல. அதை உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டிய ஆள் உங்கள் பெரியப்பா. மற்றவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்துக்கொண்டே, அதே காரியங்களைத் தானும் செய்கிறவனிடம்தான் பவுல் அங்கே பேசுகிறார். "தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறதென்று அறியாமல்" அவருடைய பொறுமையை அசட்டை பண்ணுகிறாயோ என்று அவனைக் கேட்கிறார். அடுத்த வசனம் இன்னும் கடுமை: குணப்படாத இருதயத்தோடு இருக்கிறவன் கோபாக்கினையைத் தனக்காகக் குவித்துக்கொள்கிறான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குவிகிறது என்கிறார். ஐந்தாம் வசனத்தை விட்டுவிட்டு நான்காம் வசனத்தை மட்டும், அதுவும் நிலம் பறிகொடுத்தவனிடம் வாசிப்பது, சீட்டு மாறிக் கொடுத்த மருந்து. உங்கள் மனம் அதை ஏற்காததில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

இனி அந்தப் பொறுமை என்னவென்று பார்க்கலாம். "நீடிய சாந்தம்" என்று நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் வரும் சொற்றொடருக்கு மூல இடம் யாத்திராகமம் 34:6. எபிரெயத்தில் அது "எரெக் அப்பாயிம்". சொல்லுக்குச் சொல் வைத்தால் "நீண்ட மூக்கு" என்று வரும். எபிரெயருக்குக் கோபம் குடியிருக்கும் இடம் மூக்கு. நமக்கும் இது புதிது அல்லவே, "அவருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்" என்று நாமும் சொல்கிறோம். தேவனுடைய கோபம் அவ்வளவு சீக்கிரம் மூக்குநுனிக்கு வந்துவிடாது, வந்து சேர நெடுநேரம் பிடிக்கும் என்பது கருத்து. கோபமே இல்லாதவர் என்று அந்தச் சொல் சொல்லவில்லை.

அது சொல்லப்பட்ட நேரமும் முக்கியம். உடன்படிக்கை பண்ணின கையோடு ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து ஆடிவிட்டார்கள். மோசே முதல் கற்பலகைகளை உடைத்தாயிற்று. இரண்டாவது தரம் பலகைகளை வெட்டிக்கொண்டு சீனாய் மலையில் ஏறி நிற்கிறபோதுதான் கர்த்தர் தம் பெயரை இப்படிக் கூறுகிறார். அதாவது, பொறுமையைப் பற்றிய முதல் அறிவிப்பு நல்லவர்களுக்கு நடுவில் சொல்லப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே மூச்சில், அடுத்த வசனத்தில், "குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாமல்" விசாரிக்கிறவர் என்றும் சொல்கிறார். பொறுமையும் விசாரணையும் ஒரே பெயரின் இரண்டு பாதிகள். பிற்பாடு 86, 103, 145-ம் சங்கீதங்கள் முதல் பாதியை எடுத்துப் பாடின. நாமும் அதையே பாடிப் பழகி, இரண்டாவது பாதியை மறந்துபோனோம்.

உங்கள் விஷயத்துக்கு மிக அருகில் இருக்கிற வேதபாகம் ஒன்று உண்டு. பிரசங்கங்களில் யேசபேலின் கெட்ட குணத்தைப் பேசவே அதை எடுக்கிறார்கள், நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 1 இராஜாக்கள் 21. யெஸ்ரயேலில் நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சத்தோட்டம், ஆகாப் ராஜாவின் அரமனைக்குப் பக்கத்தில். ராஜா விலைக்குக் கேட்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்கிறான் நாபோத். அது பிடிவாதம் அல்ல. நிலம் கர்த்தருடையது, நிரந்தரமாக விற்கக்கூடாது என்று லேவியராகமம் 25 சொல்கிறது. ராஜா முகம் திருப்பிப் படுத்துக்கொள்கிறான். அவன் மனைவி யேசபேல் என்ன செய்தாள்? ஆகாபின் பெயரால் நிருபம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, ஊர் மூப்பருக்கு அனுப்பினாள். உபவாசத்துக்குக் கூட்டம் கூட்டினார்கள், இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தினார்கள், நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். ஆகாப் போய் தோட்டத்தை எடுத்துக்கொண்டான். போலி ஆவணம், விலைபோன சாட்சி, பக்தியின் போர்வை என்று எல்லாம் அங்கே இருக்கிறது.

எலியா தீர்க்கதரிசி வந்து நேருக்கு நேர் கேட்கிறார்: நீ கொலையும் செய்து, சொத்தையும் எடுத்துக்கொண்டாயோ? தண்டனையையும் சொல்கிறார். அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. ஆகாப் வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டு என்னும் துக்கத்தின் முரட்டுத் துணியை உடுத்தி, உபவாசம் பண்ணித் தாழ்மையாய் நடந்துகொள்கிறான். ஒரே அதிகாரத்தில் இரண்டு உபவாசங்கள்: முதலாவது கொலைக்கு, இரண்டாவது கொலைகாரனின் பயத்தில். கர்த்தர் அந்த இரண்டாவதைப் பார்க்கிறார். ஆகாப் தன்னைத் தாழ்த்தினதைக் கண்டாயா என்று எலியாவிடமே சொல்லி, அவன் நாட்களில் அந்தத் தீங்கை வரப்பண்ணமாட்டேன், அவன் குமாரன் நாட்களில் வரப்பண்ணுவேன் என்கிறார். இஸ்ரவேலின் மிக மோசமான ராஜாவுக்கும், ஒரு அரைகுறைத் தாழ்மைக்கும்கூட அவர் இவ்வளவு பெரிய பதில் கொடுத்தார். எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். அவருடைய பொறுமை எவ்வளவு ஆழம் என்று இங்கேதான் தெரிகிறது.

ஆனால் அந்த அதிகாரத்தில் இல்லாத ஒன்றையும் தேடிப் பாருங்கள். தோட்டம் திரும்பிப் போகவில்லை. நாபோத்தின் வீட்டாருக்கு ஆகாப் எதையாவது கொடுத்தான் என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று வருஷம் கழித்து, அடுத்த அதிகாரத்திலேயே, தனக்குப் பிடிக்காத உண்மையைச் சொன்ன மிகாயா தீர்க்கதரிசியைச் சிறையில் வைக்கச் சொல்கிறான். இரட்டு உடையைக் களைந்தபோது தாழ்மையும் கழன்றுபோயிற்று.

தவணை முடிகிற கட்டம் 2 இராஜாக்கள் 9. ஆகாபுக்குப் பின் அவன் குமாரர் அகசியா 2 வருஷம், யோராம் 12 வருஷம் ஆண்டார்கள் என்று வேதம் கணக்குச் சொல்கிறது. ஆகாபின் பெயர் அசீரியக் கல்வெட்டிலேயே இருக்கிறது. கி.மு. 853-ல் கர்கார் யுத்தத்தில் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசருக்கு எதிராக நின்றவர்களில் அவனும் ஒருவன். யோராமைக் கொன்று ராஜாவான யெகூ அதே சல்மனாசருக்குக் கப்பம் கட்டினது கி.மு. 841. இரண்டுக்கும் நடுவே 12 வருஷம், உங்கள் 15-க்குப் பக்கத்தில் வருகிறது. அவ்வளவு காலம் கழித்து யெகூ ரதத்தில் வருகிறான், யோராம் எதிர்கொண்டு போகிறான். இருவரும் எங்கே சந்தித்தார்கள்? "யெஸ்ரயேலனாகிய நாபோத்தின் நிலத்திலே" என்கிறது வேதம். அரமனைச் சொத்தாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும், வேதத்தின் பதிவேட்டில் பட்டா பெயர் மாறவில்லை.

அப்பன் பண்ணினதற்குப் பிள்ளை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும் என்று எசேக்கியேல் 18 தெளிவாகச் சொல்கிறது, அதை நான் மழுப்பப் போவதில்லை. யோராமும் தன் பங்குக்குப் பொல்லாப்பானதைச் செய்தவன் என்று வேதமே எழுதுகிறது. அதோடு, அந்த நிலம் அவன் கையில் இருந்த ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பிக் கொடுக்க அவனால் முடிந்தது. அபகரித்த சொத்து வாரிசுக்குப் போனால் அதன் வழக்கும் கூடவே போகும். உங்கள் பெரியப்பாவின் பிள்ளைகளும் இதை அறிய வேண்டும்.

"தவணை" என்று சொன்னேன். அது என் சொல் அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 2:21-ல் தியத்தீரா சபைக்கு இயேசு எழுதச் சொல்லும் நிருபத்தில், யேசபேல் என்று பெயரிடப்பட்ட ஒருத்தியைக் குறித்து, "அவள் மனந்திரும்பும்படியாய் அவளுக்குத் தவணைகொடுத்தேன்" என்கிறார். கிரேக்கத்தில் "காலம்" என்ற சாதாரணச் சொல்தான் இருக்கிறது. நம் முன்னோர் அதைத் தவணை என்று மொழிபெயர்த்தார்கள், எவ்வளவு பொருத்தம்! வங்கியில் தவணை கொடுத்தால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று யாரும் நினைக்கமாட்டோம். தேவன் கொடுத்தால் மட்டும் அப்படி நினைத்துக்கொள்கிறோம். பிரசங்கி 8:11 இந்த நோயைச் சரியாகப் பிடிக்கிறது: துர்க்கிரியைக்குத் தக்க தண்டனை சீக்கிரமாய் நடவாதபடியால் மனுஷருடைய இருதயம் துணிகரம் கொள்கிறது.

லூக்கா 13-ல் இயேசு சொன்ன அத்திமரக் கதை இதோடு சேர வேண்டியது. பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை அவரே எடுத்துச் சொன்னார். செத்தவர்கள் அதிகப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டு இந்தக் கதை. மூன்று வருஷமாகக் கனியில்லை, வெட்டிப்போடு, நிலத்தையும் கெடுக்கிறது என்கிறான் எஜமான். "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலுங் கொத்தி, எருப்போடுவேன்" என்கிறான் தோட்டக்காரன். "இருக்கட்டும்" என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல் "அஃபெஸ்", விட்டுவிடும் என்று பொருள். அதே லூக்கா 23-ல் சிலுவையிலிருந்து "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று கேட்கும்போதும் அதே சொல்தான். தோட்டக்காரன் கேட்ட தவணையின் விலை எங்கே கொடுக்கப்பட்டது என்று அங்கே தெரிகிறது.

தவணை கேட்டவன் சும்மா உட்காரவில்லை என்பதையும் பாருங்கள். கொத்துகிறான், எருப்போடுகிறான். வேர் இருக்கிற இடத்தில் மண்வெட்டி விழுந்தால் மரத்துக்குச் சுகமாகவா இருக்கும்? ஆகாபுக்கு எலியா வந்தது அப்படி ஒரு கொத்து. பாவம் செய்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்றதும் அப்படித்தான். தேவன் ஒருவன்மேல் பொறுமையாயிருக்கிறார் என்றால், அவனிடம் உண்மையைச் சொல்ல ஆள் அனுப்புகிறார் என்று அர்த்தம். உங்கள் சபை உங்கள் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் காணிக்கையை வாங்கிக்கொண்டால், தோட்டக்காரன் செய்த வேலையில் பாதியைக்கூட அது செய்யவில்லை. கதையின் கடைசி வரியும் உண்டு: கனிகொடாவிட்டால் இனிமேல் வெட்டிப்போடலாம். அதைச் சொன்னவனும் அதே தோட்டக்காரன்தான்.

இப்போது மனந்திரும்புதல். பழைய ஏற்பாட்டின் சொல் "ஷூப்", போன வழியை விட்டுத் திரும்பி நடப்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் "மெட்டனோயா", மனம் மாறுவது. தமிழில் மனம் என்பதையும் திரும்புதல் என்பதையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1995-ன் பொது மொழிபெயர்ப்பு "மனமாற்றம்" என்கிறது, அதுவும் சரியே. ஆனாலும் கால்களை விட்டுவிடாத பழைய சொல்லே எனக்குப் பிடித்தது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, "மனஸ்தாபம்". இன்று இரண்டு பேருக்குள் வரும் கசப்பை அப்படிச் சொல்கிறோம், பழைய வேதத்தமிழில் வருத்தப்படுவது என்று பொருள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தபோது மத்தேயு 27:3 "மனஸ்தாபப்பட்டு" என்கிறது, மனந்திரும்பி என்று சொல்லவில்லை. கிரேக்கத்திலும் அங்கே வேறு சொல்தான். வருத்தம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் இயேசுவிடம் திரும்பிப் போக அவனுக்குக் கால் எழும்பவில்லை.

காசு விஷயத்தில் மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்பதில் வேதம் மிகவும் கறாராக இருக்கிறது. லேவியராகமம் 6-ன்படி, அயலானை வஞ்சித்தவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையில் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியும் செலுத்த வேண்டும். பலியைக் கொடுத்து முதலை வைத்துக்கொள்ள வழியில்லை. எரிகோ ஊரில் வரி வசூலித்த சகேயு அதையும் தாண்டி நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஆனால் அங்கே எது முந்திற்று என்று பாருங்கள். அவன் ஒரு காசும் கொடுப்பதற்கு முன்பே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொல்லிவிட்டார். தயவு முதலில் வந்தது, அது அவனை ஏவிற்று. ரோமர் 2:4 நடந்து காட்டப்பட்ட இடம் எரிகோ.

மரணப்படுக்கையின் ஜெபத்தைக் கேட்டீர்கள். சிலுவையில் தொங்கின கள்ளனைக் கர்த்தர் ஏற்றுக்கொண்டார், ஆகையால் கடைசி மூச்சில் கூப்பிடுகிறவனைத் தள்ளுவார் என்று நான் சொல்லமாட்டேன், யாரும் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கள்ளன், தான் அடைவது தக்க பலன் என்று எல்லார் காதுபடச் சொன்னான். அவன் திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம், அவன் சிலுவையில் தொங்கினான். பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவருக்கு அந்தக் காரணம் கிடையாது.

யோனாவையும் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் உங்கள் கோபத்துக்கு வேதத்தில் பெயர் இருக்கிறது என்றால் அது யோனாதான். நினிவேக்குப் போய் எச்சரிக்கச் சொன்னபோது ஓடிப்போன தீர்க்கதரிசி அவர். ஞாயிறு பள்ளியில் அவரை முரட்டுப் பிள்ளை போலச் சித்திரித்துவிடுகிறோம், அது நியாயம் அல்ல. நினிவே அசீரியாவின் பெருநகரம், இன்றைய ஈராக்கின் மோசூலுக்கு எதிர்க்கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. 722-ல் வட இஸ்ரவேலை அழித்தது அதே அசீரியா. அந்த ஊரை தேவன் மன்னித்தபோது யோனா சொன்னது என்ன? "நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர்" என்று எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்றார். சீனாய் மலையின் அதே வார்த்தைகளைக் குற்றச்சாட்டாக்கித் திருப்பி வீசினார். தேவன் அவரை அதட்டவில்லை, "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். புத்தகமும் கேள்வியோடே நிற்கிறது.

ஆனால் நினிவே மன்னிக்கப்பட்டது எதைப் பார்த்து? கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்புங்கள் என்று ராஜா கட்டளையிட்டான். "தேவன் அவர்களுடைய கிரியைகளைப் பார்த்து" என்கிறது யோனா 3:10. இரட்டு உடுத்தினதையும் உபவாசத்தையும் பார்த்து என்று எழுதவில்லை என்பதை யூத ரபிமார் பழங்காலத்திலேயே சுட்டிக்காட்டினார்கள். ஒரு திருட்டு உத்திரத்தை வைத்து மாளிகை கட்டியிருந்தால்கூட, நினிவேக்காரர் மாளிகையை இடித்து உத்திரத்தை உரியவனிடம் கொடுத்தார்கள் என்று யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான தால்மூதில் ஒரு விளக்கம் உண்டு. கேரளத்துச் சுரியானிச் சபைகள் பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்பு மூன்று நாள் நினிவே நோன்பை இன்றும் அனுசரிக்கின்றன. அந்த நாட்களில் இந்த உத்திரத்தை நினைத்துக்கொள்வது நல்லது. நினிவே பிற்பாடு பழைய வழிக்கே போயிற்று. நாகூம் தீர்க்கதரிசி தன் புத்தகத்தின் தொடக்கத்தில் அதே "நீடிய சாந்தம்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, குற்றவாளியை விடாத இரண்டாவது பாதியையும் சேர்த்து நினிவேக்கு எதிராக வாசிக்கிறார். கி.மு. 612-ல் நகரம் விழுந்தது.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது. தேவன் பெரியப்பாவுக்குத் தவணை கொடுத்திருக்கிறார் என்பதால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. மத்தேயு 18-ல் இயேசு சொன்ன வரிசையில் போங்கள்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு சாட்சிகளோடு, பிறகு சபைக்குத் தெரியப்படுத்தி. சகோதரர்மேல் வழக்குப் போகக்கூடாது என்று 1 கொரிந்தியர் 6-ஐ எடுத்து யாராவது உங்களை அடக்கினால், அதே அதிகாரத்தின் எட்டாம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். சகோதரருக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறீர்களே என்று பவுல் சபையைக் கண்டிக்கிறார். வழக்கைத் தீர்க்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்றும் கேட்கிறார். சபை அந்தக் கடமையைச் செய்யாவிட்டால், பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். காலம் கடந்துவிட்டதா இல்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மனதுக்குள் ஒரு வேலையும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அடிபட்டவர் நீங்கள். 2 பேதுரு 3:9-ல் கர்த்தர் "நம்மேல்" நீடிய பொறுமையுள்ளவராயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் நானும் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள். பெரியப்பா அழிந்துபோக வேண்டும் என்று கேட்பதைவிட, நிலமும் திரும்பி அவரும் திரும்ப வேண்டும் என்று கேட்க முடியுமா என்று பாருங்கள். இன்று முடியாவிட்டால் யோனாவைப் போல எரிச்சலையே ஜெபமாகச் சொல்லுங்கள். அதுவும் முடியாத நாளில், லூக்கா 18-ல் அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலில் தினமும் போய் நின்ற விதவையின் வார்த்தைகள் இருக்கின்றன. இயேசுவே அதை ஜெபத்துக்கு மாதிரியாகச் சொன்னார்: "எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்."